ஸ்வரங்களுக்கு நடுவே மின்சாரம்

ஹைதராபாத் சிக்கடபல்லி தியாகராய கான சபாவில் பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே ஒரு சிறு பெட்டி பாடத் தொடங்கிவிடும். பெங்களூரில் பொறியாளராகவும் புல்லாங்குழல் கலைஞராகவும் இருந்த ஜி. ராஜ் நாராயண் 1979இல் உருவாக்கிய மின்னணுத் தம்புராவின் வாரிசு அது. கீபோர்டைக் கண்டால் முகம் சுளிக்கும் ரசிகர்கூட இதை ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை.

வெளியே தெருவிலும் இதே கதைதான். பழைய நகரத்துக் கல்யாணங்களில் முழங்கும் மர்ஃபா, ஏமன் நாட்டு ஹத்ரமௌத்திலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்து நிஜாமின் படையில் சேர்ந்தவர்களின் வழியில் வந்த மேளம். பிறகு போனாலு திருவிழாவிலும் விநாயகர் ஊர்வலங்களிலும் அதன் தீன்மார் அடி டீஜே வண்டியின் ஸ்பீக்கரிலிருந்து வரத் தொடங்கியது. ஆடியவர்கள் தோலா, மின்சாரமா என்று பார்க்கவில்லை.

ஆக, சுருதிக்கும் தாளத்துக்கும் மின்னணுக் கருவி சுலபமாகப் பொருந்திவிட்டது. தகராறெல்லாம் ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவில் இருக்கும் இடத்தில்தான். ஸ்வரத்தை அசைத்தும் இழைத்தும் பாடும் கமகம் வாழ்வது அங்கே. ஆர்மோனியத்தால் அங்கே போக முடியாது என்பது அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதை விலக்கி வைத்ததற்கு ஒரு முக்கியக் காரணம். கீபோர்டு பிறக்கும்போதே அந்தப் பழியையும் சுமந்துகொண்டு பிறந்தது.

அந்த இடத்துக்குள் நுழையப் பார்த்தவர்களில் விசித்திரமானவர் பம்பாயின் சரண்ஜித் சிங். இந்திப் பட ஒலிப்பதிவுகளில் வாசித்துப் பிழைத்தவர். 1982இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்து இயந்திரங்கள் மூன்றை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அவற்றில் ஒன்றான டிபி-303, கிதார்காரருக்குத் துணையாக பாஸ் வாசிப்பதற்கென்று விற்கப்பட்டு, விலைபோகாமல் சில ஆண்டுகளிலேயே தயாரிப்பு நிறுத்தப்பட்டது. ஆனால் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்ல அதற்குத் தெரியும். இசைத்தட்டும் விலைபோகவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்த பிறகுதான், 1987இல் சிகாகோவில் தொடங்கியதாகச் சொல்லப்படும் ‘ஆசிட்’ இசைக்கு ஐந்தாண்டு முன்பே பம்பாயில் அதே சத்தமா என்று மேற்கே வியந்தார்கள். எனக்கு அந்த வியப்பில் முழுச் சம்மதமில்லை. இயந்திரத்தின் வழுக்கல் எங்கும் ஒரே கால அளவில் நிகழ்கிறது. தோடி ராகத்தின் காந்தாரம் ஆடுவது அப்படியல்ல. கேட்கச் சுகமான தட்டு. கமகம் வாசலோடு நின்றுவிட்டது.

உள்ளே போனவர் மேண்டலின் கலைஞர் உ. ஸ்ரீநிவாஸ். 1969இல் மேற்கு கோதாவரியின் பாலகொல்லுவில் பிறந்தவர். சாதாரண மேண்டலினில் நான்கு ஜோடித் தந்திகள்; மீட்டிய மறுகணமே நாதம் அணைந்துவிடும். அதனால்தான் மேற்கே அதை விடாமல் அதிரவைத்து வாசிக்கிறார்கள். ஸ்ரீநிவாஸ் ஜோடிகளைக் கழற்றி ஒற்றைத் தந்திகள் ஐந்து போட்டு, மின்சாரம் இணைத்தார். ஒற்றைத் தந்தியை இழுக்கலாம். இழுத்து முடிக்கும்வரை நாதம் உயிரோடிருக்கும். மின்சாரத்தின் பயன் சத்தத்தைக் கூட்டியதில் இல்லை, கமகத்துக்கு அவகாசம் வாங்கிக் கொடுத்ததில் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். சுப்பராஜுவுக்கு மேண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதைத் தந்தியில் தேடிப் பிடிப்பான். விரல் எங்கே வைப்பது என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் போனது எத்தனை பெரிய அதிர்ஷ்டம்! 1978இல் குடிவாடா தியாகராஜ ஆராதனையில் முதல் கச்சேரி. 1981 டிசம்பரில் சென்னை இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி, 1983இல் பெர்லின் ஜாஸ் விழா. 1995இல் மைக்கேல் புரூக்குடன் ‘ட்ரீம்’ வெளியானது. புரூக், ஒலி அணையாமல் நீடிக்கும் கிதார் ஒன்றைத் தானே உருவாக்கியவர். இருவரும் ஒரே பிரச்சினையை இரு முனைகளிலிருந்து தீர்த்தவர்கள் என்பதாலோ என்னவோ, அந்தத் தட்டில் ஒருவர் காலை ஒருவர் மிதிப்பதில்லை. 2014இல் ஸ்ரீநிவாஸ் மறைந்தபோது வயது 45.

கீபோர்டிலும் முயற்சிகள் உண்டு. சுருதியை வளைக்கும் விசையை இடது கையால் ஆட்டியபடி முழுக் கச்சேரி செய்த சத்யநாராயணனின் உழைப்பு பெரிது. ஆனால் மேண்டலினில் விரலே முடிக்கும் வேலையை அங்கே இரண்டு கைகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தெலுங்குப் பட உலகில் இசையமைப்பாளர்கள் ராஜ்-கோட்டிக்கு கீபோர்டு வாசித்து வளர்ந்த ஏ.ஆர். ரஹ்மானுக்கும் கட்டைகள் போதவில்லை போலும். 2009இல் வந்த ‘டெல்லி-6’ படத்தின் ‘ரெஹ்னா தூ’ பாடலில் அவர் கையாண்ட கன்டினுவம் என்ற மின்னணுக் கருவியில் கட்டைகளே கிடையாது. மெத்தென்ற ஒரே பரப்பு. விரலை நகர்த்தினால் சுருதி நகரும், அசைத்தால் அசையும். ஸ்வரம் நிற்கும் இடத்தைக் காதுதான் காட்ட வேண்டும். விரல் ஒரு மயிரிழை தவறினாலும் அபஸ்வரம். மெட்டுகளில்லாத கோட்டுவாத்தியத்தை வாசிப்பவர்களுக்கு இது பழகிப்போன அவஸ்தை.