நூற்பாவும் உரையுமாக ஓர் உலாவி

இணைய உலாவி ஒன்றை இனி யாராலும் அடித்தளத்திலிருந்து எழுத முடியாது என்ற எண்ணம் கணினித் துறையில் வெகுகாலமாக வேரூன்றியிருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. ஓபெரா 2013-இல், பக்கங்களைக் காட்டும் தன் சொந்த எஞ்சினான பிரெஸ்டோவைக் கைவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2018-இல் எட்ஜ் உலாவியைக் குரோமியத்துக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. பெரிய உலாவிகளுக்கு எஞ்சியவை பிளிங்க், வெப்கிட், கெக்கோ ஆகிய மூன்றுதான். அவற்றிலும் பிளிங்க், வெப்கிட்டிலிருந்து பிரிந்த கிளை. இந்த மூன்றில் எதன் மேலும் அமராமல் தனக்கென்று ஓர் எஞ்சினோடு வளர்ந்துவரும் திறந்த மூல உலாவி லேடிபேர்ட். அதன் மூலநிரலை அவ்வப்போது இறக்கி, என் கணினியில் தொகுத்து, புதிதாக எது சரியாகியிருக்கிறது என்று பார்ப்பதில் எனக்குக் கிடைக்கும் மகிழ்ச்சியை முழுமை பெற்ற எந்த உலாவியும் தந்ததில்லை.

இதைத் தொடங்கியவர் சுவீடனைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் கிளிங். ஆப்பிளில் வெப்கிட் எஞ்சினில் வேலை பார்த்தவர். போதைப் பழக்கத்திலிருந்து மீளும் சிகிச்சையை முடித்த பின், நாள்களை நல்ல வேலையால் நிரப்ப எண்ணி, 2018-இல் செரினிட்டிஓஎஸ் என்ற இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார். எச்டிஎம்எல் பக்கங்களைக் காட்டுவதற்காக 2019-இல் அதற்குள் ஒரு சிறிய நூலகம் பிறந்தது. 2020-இல் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் சேர்ந்தது. 2022-இல் லினக்ஸிலும் ஓடும் உலாவியாகி, லேடிபேர்ட் என்று பெயர் பெற்றது. 2024-இல் இயங்குதளத்திலிருந்து பிரிந்தது. கிட்ஹப்பை நிறுவியவர்களில் ஒருவரான கிறிஸ் வான்ஸ்ட்ராத்துடன் சேர்ந்து கிளிங் அதற்கு ஒரு லாப நோக்கற்ற அமைப்பை உண்டாக்கினார். நன்கொடைகளைக் கொண்டே நடப்பது, தேடுபொறி ஒப்பந்தப் பணத்தை ஏற்காமலிருப்பது என்பது அந்த அமைப்பின் கொள்கை.

இந்த வரலாற்றையும் விட என்னை ஈர்ப்பது அங்கே நிரல் எழுதப்படும் முறை. ஓர் உலாவி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பொதுவில் வெளியான தரநிலை ஆவணங்கள் எண்ணிட்ட படிகளாக விதிக்கின்றன. லேடிபேர்டின் நிரலாளர்கள் அந்தப் படிகளை அப்படியே குறிப்பு வரிகளாக இறக்கி, ஒவ்வொன்றின் கீழும் அதை நிறைவேற்றும் நிரலை எழுதுகிறார்கள். தொல்காப்பிய நூற்பாவை மேலே நிறுத்தி, கீழே உரை வகுக்கும் இளம்பூரணரை வாசித்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும். மூலத்தை விட்டு உரை விலகினால் அந்த விலகல் கண்ணுக்குத் தெரியும். வேகத்துக்காக விலக வேண்டியிருந்தால், அதையும் காரணத்தோடு குறித்துவைக்கிறார்கள். பெயர்களும் தரநிலையின் பெயர்களே. தன் சாமர்த்தியத்தைக் காட்டும் ஆசையை அடக்கி எழுதும் இந்த நடைதான் இதன் முதல் அழகு.

எச்டிஎம்எல் எழுத்துகளைக் குறிகளாகப் பிரிக்கும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். தரநிலை அதை 80 நிலைகளாக வகுத்திருக்கிறது. ஒவ்வோர் எழுத்து வரும்போதும் இருக்கும் நிலை எது, போகவேண்டிய நிலை எது என்று தீர்மானமாகிறது. பக்கத்தை எழுதியவர் தவறு செய்திருந்தாலும் தரநிலையில் அதற்கு வழி உண்டு. தடித்த எழுத்துக்கான குறியைத் திறந்து, அதற்குள் சாய்வெழுத்துக் குறியையும் திறந்து, தடித்ததை முதலில் மூடிவிட்டால் என்ன செய்வது? எல்லா உலாவிகளும் ஒரே விடைக்கு வந்துசேரும்படி, அநாதையான துண்டுகளைப் புதிய பெற்றோரிடம் ஒப்படைக்கும் நீண்ட வழிமுறை ஒன்றைத் தரநிலை தருகிறது. உலகெங்கும் இத்தனை ஆண்டுகளாக மனிதர்கள் பிழையோடு எழுதிய பக்கங்கள் இன்றும் திறக்கின்றன என்றால், அதற்கு இந்தப் பொறுமைதான் காரணம். அதை வரிக்கு வரி வாசிக்கக் கிடைப்பது பெரும் பேறு.

இன்னும் எழுதப்படாத படிகளையும் அவர்கள் மறைப்பதில்லை. அந்தப் படியை எழுதி, முன்னால் 'ஃபிக்ஸ்மி' ('என்னைத் திருத்து') என்று போட்டுவிடுகிறார்கள். எது குறை என்று நிரலே சொல்கிறது. புதிதாக வருபவர் அப்படி ஒரு வரியைத் தேர்ந்து, தரநிலையின் அந்தப் பகுதியைப் படித்து, சோதனையோடு சேர்த்து அனுப்பலாம். தொடர்ந்து கவனிப்பவருக்கு, ஒரு 'ஃபிக்ஸ்மி' நீங்கும் நிரல் மாற்றமே தனி இன்பம்.

நிரல் எழுதாதவர்களுக்கும் அங்கே ஒரு கலை உண்டு. ஒரு தளம் கோணலாகத் தெரிந்தால் 'கோணலாகத் தெரிகிறது' என்று மட்டும் எழுதினால் பயன் குறைவு. அந்தப் பக்கத்தை இறக்கி, பிழைக்குத் தொடர்பில்லாத வரிகளை ஒவ்வொன்றாக நீக்கி, பிழை மட்டும் மிஞ்சும் பத்து வரியாகச் சுருக்க வேண்டும். சுருக்கி முடிக்கும்போது காரணம் பெரும்பாலும் தானே தெரிந்துவிடும். நன்றாகச் சுருக்கிய ஒரு பிழையறிக்கையை நான் நல்ல நிரலுக்கு இணையாகவே மதிக்கிறேன். திருத்தம் வந்த பிறகு அந்தப் பத்து வரி நிரந்தரச் சோதனையாகத் தங்குவதும் உண்டு. அதே பிழை மீண்டும் தலைகாட்டினால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாவற்றையும் தாமே எழுதுவது செரினிட்டி காலத்து விதி. பிரிந்த பின் அதைத் தளர்த்தினார்கள். எழுத்து வடிவமைப்புக்கு ஹார்ஃப்பஸ், வரைவதற்கு ஸ்கியா என்ற திறந்த மூல நூலகங்கள் வந்தன. தமிழ் வாசகருக்கு இதன் அருமை எளிதில் புரியும். 'கொ' என்ற எழுத்து கணினியில் ககரமாகவும் அதைத் தொடரும் உயிர்க்குறியாகவும் சேமிக்கப்படுகிறது. திரையிலோ கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் நிற்க வேண்டும். அந்த இடமாற்றத்தைத் தெரிந்த நூலகம் இல்லாவிட்டால் தமிழ்ப் பக்கம் சிதைந்துபோகும். உலகின் பல எழுத்து முறைகளுக்காகப் பலர் ஆண்டுக்கணக்கில் செதுக்கிய ஒன்றைத் திரும்ப எழுதாமல் ஏற்றுக்கொண்டதில் முதிர்ச்சியைக் காண்கிறேன். எதைத் தானே செய்வது, எதைப் பிறரிடமிருந்து பெறுவது என்று அறிவதும் கைத்தேர்ச்சிதான்.

உலாவிகள் எல்லாம் பொதுவாகப் பயன்படுத்தும் 'வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸ்' தொகுப்பில் ஏறத்தாழ 20 லட்சம் உட்சோதனைகள் உள்ளன. 2025-இல் லேடிபேர்ட் அவற்றில் 90 விழுக்காட்டைக் கடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐபோனுக்கு மாற்று எஞ்சின் கொண்டுவர ஆப்பிள் வைத்திருக்கும் தகுதிகளில் ஒன்றும் இதே 90 விழுக்காடுதான். ஆனாலும் மதிப்பெண் மட்டும் உலாவியாகிவிடாது. வேகம், பாதுகாப்பு, மணிக்கணக்கில் திறந்திருந்தாலும் நிலைகுலையாமை ஆகியவை தனித்தனி உழைப்பைக் கேட்பவை.

ஆனால் இந்த வேலை ஏற்கெனவே ஒன்றை நிறுவியிருக்கிறது. இணையத் தரநிலைகளைப் படித்தே யாரும் உலாவி எழுதலாம் என்பது வெறும் வாக்குறுதியாக இருந்தது. எழுதிப் பார்க்க வெளியிலிருந்து ஒருவர் வராதவரை, அந்த ஆவணங்கள் போதுமானவையா என்று சோதிக்க வழியில்லை. லேடிபேர்டின் நிரலாளர்கள் படிப்படியாக எழுதிப் பார்க்கையில் தரநிலையிலேயே தவறுகளைக் கண்டு, திருத்தம் தெரிவித்திருக்கிறார்கள். உரை எழுதியவர்களால் மூலமும் செம்மையாகிறது. இந்த உலாவியை நாளை எத்தனை பேர் பயன்படுத்தினாலும், இணையத்தைப் பொதுச் சொத்தாக வைத்திருக்கும் பணியில் அதற்கு இப்போதே இடம் உண்டு.