பேய் வீட்டு நடிகன்

பேய் வீடெல்லாம் கலையாகுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேட்ட தொனியிலேயே பதிலும் இருந்தது. மரணக் கிணற்றுக்கும் ராட்டினத்துக்கும் நடுவில் தகரக் கொட்டகை போட்டு, டிக்கெட் கிழித்துப் பயமுறுத்துகிறவனை நடிகன் என்று சொல்ல நம் இலக்கிய மனம் கூசும்தான். ஆனால் அந்த இருட்டுக்குள் பயம் எப்படி உண்டாகிறது என்று யோசித்தால், நடிப்பைப் பற்றி நாம் பேசாமல் விட்ட ஒன்று பிடிபடும் என்று எனக்குப் படுகிறது.

1862 டிசம்பரில் லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் ஓர் ஆவியைத் தோன்றவைத்தார். யோசனை ஹென்றி டிர்க்ஸ் என்ற எஞ்ஜினியருடையது. மேடைக்கு முன்னால் சாய்த்து நிறுத்திய பெரிய கண்ணாடி. கீழே, சபையின் கண்ணில் படாத பள்ளத்தில், பலத்த வெளிச்சத்தில் ஒரு நடிகன். கண்ணாடியில் விழும் அவன் பிம்பம்தான் ஆவி. இந்த வித்தையைப் பற்றி எழுதுகிறவர்கள் கண்ணாடியோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு: மேடைமேல் நிற்கும் நடிகனுக்கு அந்த ஆவி தெரியாது. வெற்றிடத்தைப் பார்த்து அவன் நடுங்க வேண்டும். வெற்றிடத்தில் வாளை வீச வேண்டும். பார்வை ஒரு முழம் விலகினால் போதும், ஆவி வெறும் பிம்பமாகிவிடும். பேயில் பாதி கண்ணாடி செய்தது. மீதிப் பாதி, இல்லாததைப் பார்த்த அவன் கண் செய்தது.

அதே கண்ணாடி உத்திதான் 1969 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் திறந்த ஹான்டட் மேன்ஷனிலும். அங்கே 999 பேய்கள் குடியிருப்பதாகவும் இன்னும் ஒன்றுக்கு இடம் இருப்பதாகவும் கற்பனை. நடன மண்டபத்தில் பிம்பங்கள் ஜோடி ஜோடியாகச் சுழல்கின்றன. படச்சுருளில் பார்த்த எனக்கே அந்த நேர்த்தி பிரமிப்பூட்டியது. ஆனால் ஆடுபவை யந்திரப் பொம்மைகள். வண்டியில் ஆள் இருந்தாலும், வண்டி காலியாக ஓடினாலும், அதே சுழற்சி. அவை யாரையும் பார்ப்பதில்லை.

அதே கலிஃபோர்னியாவில், நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்ற பூங்காவில், 1973 முதல் ஹாலோவீன் பருவத்து இரவுகளில் மனிதர்களே பேய்களாகிறார்கள். முழங்காலில் கவசம் கட்டிய நடிகன் புகையிலிருந்து ஓடிவந்து, மண்டியிட்டுத் தரையோடு சறுக்கி, கையுறையின் உலோகம் தரையில் கிறீச்சிட, நடப்பவர் காலடியில் வந்து நிற்கிறான். இதில் சர்க்கஸ் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யார் காலடியில், எந்தக் கணத்தில் என்பது சர்க்கஸ் அல்ல. கும்பலில் மார்பை நிமிர்த்தி முன்னால் வருகிறவனை விட்டுவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்க்கும் நான்காமவரை அவன் தேர்ந்தெடுக்கிறான். தொடாமல், தொட்டுவிடுவானோ என்ற தூரத்தில் நிற்கிறான். உடனே மறைகிறான். ஒரு வினாடி கூட நின்றால் அவன் முகமூடி போட்ட ஆள்தான். ஓர் இரவில் இதை எத்தனையோ முறை செய்கிறவனுக்குத் தானும் உணர்ச்சிவசப்படக் கட்டாது. நல்ல நடிகன் எதையும் உணர்வதில்லை என்ற திதரோவின் வாதம் நாடக மேடையில் இன்னும் சர்ச்சைக்குரியது; பேய் வீட்டில் அது அன்றாட நடைமுறை.

சில வருஷங்களுக்கு முன் ஊர்ப் பொருட்காட்சியில், அண்ணன் மகளோடு அப்படியொரு கொட்டகைக்குள் போனேன். கறுப்புத் துணியில் வெள்ளை எலும்பு வரைந்த ஒருவன் திரைக்குப் பின்னாலிருந்து பாய்ந்தான். குழந்தை கத்தவில்லை. மூச்சடைத்து விறைத்து நின்றுவிட்டாள். கையைப் பிடித்திருந்த எனக்குத் தெரியுமுன் அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஓங்கிய கையை அப்படியே நிறுத்தி, முகமூடியை மேலே தள்ளி, "ஒண்ணுமில்ல பாப்பா, மாமாதான்" என்றான். வேர்வையில் நனைந்த, நடு வயது முகம். மறுகணம் முகமூடியை இறக்கிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்த இளைஞர்கள்மேல் அலறிக்கொண்டு பாய்ந்தான். அவர்கள் சிதறி ஓடினார்கள்.

மாயை கலைந்தது, எனவே நடிப்பு தோற்றது என்பார் நண்பர். நான் அப்படி நினைக்கவில்லை. அவளைப் பயமுறுத்த எந்தக் கண்ணால் அளந்தானோ, அதே கண்தான் நிறுத்தச் சொன்னது. யந்திரத்துக்கு இரண்டும் தெரியாது. நிறுத்தத் தெரிந்தவனிடம்தான் நாம் துணிந்து பயப்படுகிறோம். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் பேய் வீடு வெறும் வன்முறை.

பகல் முழுவதும் கவுண்டரில் முகம் பார்க்காமல் நோட்டு எண்ணுகிறவன் நான். அதனால்தானோ என்னவோ, அவன் பார்த்தது எனக்கு உறைத்தது. சபை என்று ஒன்று இருப்பதையே மறந்து, மனப்பாடம் செய்த வேதனையைச் சுவருக்கு ஒப்பிக்கும் நம் நவீன நாடகங்கள் சிலவற்றிலிருந்து எழுந்து வரும்போதெல்லாம் அந்த வேர்த்த முகம் நினைவுக்கு வருகிறது. அவனுக்கு நாடகம் தெரியாது என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.