'வீடு திரும்பு': ஓர் ஆணையின் இலக்கணம்

கென்யாவில் 2007 டிசெம்பர் 27 ஆந் திகதி நடைபெற்ற தேர்தலையடுத்து மூண்ட வன்செயல்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பல இலட்சம் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2008 பெப்ரவரி 28 இல் கிபாக்கியும் ஒடிங்காவும் ஆட்சியைப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டனர். அவ்வாண்டு மே மாதத்தில் அரசு தொடங்கிய மீள்குடியேற்ற நடவடிக்கைக்கு 'ருடி ந்யும்பானி' எனப் பெயரிடப்பட்டது. சுவாஹிலி மொழியில் இதன் பொருள் 'வீடு திரும்பு' என்பதாகும்.

இத்தொடரின் வினை ஏவல் வினை என்பது நோக்கற்பாலது. ஏவலுக்கு எழுவாய் கேட்போனே. ஏவியவன் தொடருக்கு வெளியே நின்றுகொள்கிறான். வீட்டை எரித்தவன் யார், திரும்புவோனைக் காப்பவன் யார் என்னும் வினாக்களுக்கு அங்கு இடமேயில்லை.

'வீடு' என்ற சொல்லோ இதனினும் சிக்கலானது. றிவ்ற் பள்ளத்தாக்கில் கலெஞ்சின், மாசாய் மக்களிடமிருந்து வெள்ளையர் பறித்த நிலங்களிற் பெரும்பகுதி, 1963 இல் கிடைத்த சுதந்திரத்தின் பின்னரும் அவர்களிடம் மீளவில்லை. அவை விலைக்கு விடப்பட்டன. கிக்குயு மக்கள் கூட்டுறவுச் சங்கங்கள் மூலமும் காணிக் கம்பனிகள் மூலமும் அவற்றை வாங்கிக் குடியேறினர். ஒருவர் காசு கொடுத்து வாங்கிய வளவு மற்றவருக்கு மூதாதையர் மண். 1992, 1997 தேர்தற் காலங்களிலும் இப்பகுதியினின்று மக்கள் விரட்டப்பட்டமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. இதனை 'இனக்குழுப் பகை' என ஒரே சொல்லில் முடித்துவிடுவோர் காணியுறுதிகளைப் புரட்டிப் பார்ப்பதில்லை. உடன்பாட்டை ஆக்கியோர் காணிச் சீர்திருத்தத்தை நீண்டகாலப் பிரச்சினைகளுள் ஒன்றாக வைத்தனர். மக்களை அனுப்பும் அவசரம் அதற்குக் காத்திருக்கவில்லை.

அவசரத்துக்குக் காரணமும் உண்டு. முகாம் வாழ்வு கொடிது. பயிர்செய்யும் பருவமும் கடந்துகொண்டிருந்தது. ஆயினும், குடும்பமொன்றுக்கு 10,000 சிலிங்கும், வீடிழந்தோர்க்கு மேலும் 25,000 சிலிங்கும் என்ற கணக்கு பயத்தை அளக்கவில்லை. பலர் பெரிய முகாம்களை விட்டுத் தம் காணிகளுக்கு அண்மையிற் கூடாரமிட்டனர். பகலில் வயலுக்குச் சென்று இரவிற் கூடாரத்துக்கு மீண்டனர். ஏட்டில் இவர்கள் திரும்பியோர். உறவினர் வீடுகளில் ஒதுங்கியோரோ முகாம் கணக்குக்கே வெளியே நின்றனர்.

அரசு பின்னர் 'நல்லயல்', 'சேர்ந்து கட்டுவோம்' எனப் பொருள்படும் வேறிரு நடவடிக்கைகளையும் அறிவித்தது. இவ்வரிசைமுறையே விமர்சனத்துக்குரியது. அயலவர் உறவு முதலில் வந்திருப்பின் திரும்புமாறு எவரையும் ஏவவேண்டியிருந்திராது. சில குடும்பங்கள் தமக்குக் கிடைத்த 10,000 சிலிங்குகளை ஒன்றுசேர்த்து வேறிடங்களிற் சிறு நிலத்துண்டுகளை வாங்கின. அவை திரும்பிச் செல்லவில்லை; அயலவரைத் தாமே தெரிந்துகொண்டன.