இறந்த ஆசிரியனும் வராத காசோலையும்
நடன இசையில் 'நிலைத்து நிற்பது' பற்றிச் சில குறிப்புகள்

டிஜே ஆக நிலைப்பது எப்படி, நடன இசைத் தயாரிப்பாளராக இருபது முப்பது வருடம் தாக்குப்பிடிப்பது எப்படி என்று சொல்லித்தரும் கட்டுரைகளும் கையேடுகளும் மேலை நாடுகளில் மலிந்து கிடக்கின்றன. அவற்றில் ஏழெட்டை ஒருசேர வாசிக்க நேர்ந்தது. இந்தத் தொழிலில் இறங்கத் துடிக்கும் என் அக்கா மகன் கொண்டுவந்து போட்டுவிட்டு, 'எதையெடுத்தாலும் குறை சொல்வீங்களே மாமா, இதைப் படிச்சிட்டுச் சொல்லுங்க' என்றான். படித்தேன். எல்லாம் ஒரே அச்சு. உனக்கென ஒரு ஒலியைக் கண்டுபிடி. உன் பெயரைச் சந்தையில் ஊன்று. ஆட்களைப் பழக்கம் பிடி. பொறுமையாக இரு. நன்றாகத் தூங்கு.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இந்தப் பிரதிகளில் வரலாறு கிடையாது, சட்டம் கிடையாது, பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்ற பேச்சே கிடையாது. நிலைப்பது என்பது ஒருவனுடைய குணநலனாக, சொந்த ஒழுக்கமாக ஆக்கப்பட்டுவிடுகிறது. நிலைத்தவன் உழைத்தவன், காணாமல் போனவன் சோம்பேறி. இந்தக் கதையாடலை ஹவுஸ், டெக்னோ ஆகிய வடிவங்கள் பிறந்த இடத்தில், அதாவது சிகாகோவிலும் டெட்ராய்டிலும், கொண்டுபோய் வைத்துப் பார்த்தால் என்ன ஆகிறது?

1979 ஜூலை 12. சிகாகோ காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். ஸ்டீவ் டால் என்ற ராக் வானொலிக்காரர் டிஸ்கோவை ஒழிக்க அறைகூவல் விடுத்திருந்தார். ஒரு டிஸ்கோ இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் 98 சென்டுக்கு நுழைவுச்சீட்டு. ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர் கூடினார்கள். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே மைதானத்தில் தட்டுகளைப் பெட்டியில் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் உள்ளே இறங்கியது, இரண்டாவது ஆட்டம் நடக்கவில்லை. அன்று அங்கே பார்வையாளர்களுக்கு இடம் காட்டும் வேலையில் இருந்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் பிற்பாடு பல நேர்காணல்களில் சொன்னது முக்கியமானது: கொண்டுவரப்பட்டவை எல்லாம் டிஸ்கோ அல்ல, கறுப்பர்கள் பாடிய எந்தத் தட்டும் அந்தக் குவியலுக்குள் போனது. அவர் அந்த வேலைக்காசில் சிந்தசைசர் வாங்கச் சேர்த்துக்கொண்டிருந்தார். 1984இல் ஜெஸ்ஸி சாண்டர்ஸும் அவரும் சேர்ந்து கொண்டுவந்த 'ஆன் அண்ட் ஆன்' தான் தட்டாக அச்சான முதல் ஹவுஸ் பாடல் என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

(அதே 1979 கோடையில்தான் லண்டனில் 'கே லெஃப்ட்' என்ற சிற்றிதழில் ரிச்சர்ட் டயர் டிஸ்கோவை ஆதரித்து ஒரு கட்டுரை எழுதினார். முதலாளியம் உற்பத்தி செய்த பண்டம் என்பதாலேயே அதை ஆடுகிறவர்கள் முதலாளியம் நினைத்தபடிதான் ஆடுவார்கள் என்று ஆகிவிடாது என்பது அவர் வாதம். நம் தோழர்கள் பலர் வெகுசன இசை என்றாலே அடோர்னோவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். டயரையும் கொஞ்சம் படித்தால் தேவலை.)

நியூயார்க்கின் பிராங்க்ஸில் பிறந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் 1977இல் சிகாகோவுக்கு வந்து, சவுத் ஜெஃபர்சன் தெருவில் 'வேர்ஹவுஸ்' என்ற இடத்தில் தட்டுகளைச் சுழற்றினார். வந்தவர்களில் மிகப் பெரும்பான்மை கறுப்பின, லத்தீன் தன்பாலீர்ப்பாளர்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயமும் ஏற்காது, வெள்ளையர் மதுக்கூடமும் ஏற்காது என்ற நிலையில் இருந்த உடல்கள். அந்த இடத்தின் பெயரின் பின்பாதிதான் 'ஹவுஸ்' ஆனது. ஒரு நகரம் வெடிவைத்து அழித்த ஒலியை, அதே நகரத்தில் விலக்கப்பட்டவர்கள் ஒரு பழைய கட்டடத்துக்குள் வைத்து நீட்டி, வெட்டி, ஒட்டி, டிரம் மெஷினைச் சேர்த்து வேறொன்றாக ஆக்கினார்கள். நம் கையேட்டு ஆசிரியர்கள் சொல்லும் 'உனக்கென ஒரு ஒலி' இப்படித்தான் வந்தது.

இங்கே நமக்கே சங்கடமான ஒரு விஷயத்துக்கு வருகிறேன். பார்த்தின் 'ஆசிரியனின் மரணம்' நம் பக்கங்களில் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கும்! நடன இசையைப் போல அந்தக் கோட்பாட்டுக்குப் பொருத்தமான கலை வேறில்லை. ஒரு சான்று. சிகாகோவில் 'ஃப்யூச்சர்' என்ற பெயரில் இயங்கிய மூன்று இளைஞர்கள் ரோலண்ட் டிபி 303 என்ற பெட்டியை வைத்து விளையாடினார்கள். கிதார்க்காரர்களுக்குத் துணையாக பேஸ் வாசிக்க என்று விற்கப்பட்டு, எவரும் வாங்காமல் 1984இல் உற்பத்தி நின்றுபோன கருவி அது. குமிழ்களைத் தாறுமாறாகத் திருகியபோது கருவி கீச்சிட்டுக் குழைந்தது. அதைப் பதிந்த கேசட்டை 'மியூசிக் பாக்ஸ்' கிளப்பின் டிஜே ரான் ஹார்டியிடம் கொடுத்தார்கள். முதல்முறை போட்டபோது தளம் காலியாகிவிட்டது. ஹார்டி விடவில்லை. அதே இரவில் மறுபடி மறுபடி போட்டார். நான்காவது தடவை சனம் வெறிகொண்டு ஆடியது. யாருடையது என்று தெரியாமலே கேசட் பிரதிகள் நகரமெங்கும் பரவின. 'அசிட்' என்ற பெயரும் ஆடியவர்கள் வைத்ததுதான். 1987இல் 'அசிட் டிராக்ஸ்' என்று தட்டு வந்தபோது ஒரு வகைமையே பிறந்துவிட்டிருந்தது. இதற்கு ஆசிரியர் யார்? மூன்று இளைஞர்களா, தோல்வியடைந்த ஜப்பானியக் கருவியா, பிடிவாதக்காரரான ஹார்டியா, நான்காவது தடவை ஆடிய கூட்டமா? பிரதி என்பது மேற்கோள்களின் இழையோட்டம், அர்த்தம் வாசகனிடம் உருவாகிறது... அப்படியே பொருந்துகிறது, சரிதானே?

பொருந்துகிறது. ஆனால் தட்டை அச்சடித்த நிறுவனத்துக்கும் அதே கோட்பாடு மிக வசதியாகப் பொருந்தியது என்பதுதான் வேதனை. சிகாகோவின் 'டிராக்ஸ்' லேபிளின் முதலாளி லாரி ஷெர்மன் தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலையும் வைத்திருந்தவர். பழைய தட்டுகளை உருக்கி அச்சடித்ததால் புதுத்தட்டிலேயே கரகரவென்று சத்தம் வரும் என்பது சேகரிப்பாளர்கள் அறிந்த கதை. அந்த லேபிளில்தான் லாரி ஹேர்டின் 'கேன் யூ ஃபீல் இட்' 1986இல் வந்தது. ஹவுஸ் இசை என்றால் என்ன என்று கேட்பவருக்கு இன்றும் முதலில் போட்டுக்காட்டப்படும் தட்டு அது. 2020 ஜூனில் ஹேர்டும் பாடகர் ராபர்ட் ஓவன்ஸும் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். முப்பது வருடத்துக்கும் மேலாக ராயல்டி தரப்படவில்லை என்பது புகார். 2022இல் சமரசம் ஏற்பட்டு உரிமைகள் அவர்களிடம் திரும்பின. அதே ஆண்டு சிகாகோவின் வேறு பல கலைஞர்களும் அதே நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார்கள். ஆக, 'நீடித்த தொழில்வாழ்க்கை' என்பதில் முப்பத்தாறு வருடம் காத்திருப்பதும் அடங்கும்போலிருக்கிறது. எந்தக் கையேட்டிலும் இதைக் காணோம்.

ஆசிரியன் இறந்துவிட்டான் என்று நாம் கொண்டாடினோம். சட்டைப்பையில் இருந்த ஒப்பந்தக் காகிதம் யாரிடம் போனது என்று பார்க்கத் தவறிவிட்டோம். ஆசிரியன் என்ற இருக்கையில் ஒருநாளும் உட்கார அனுமதிக்கப்படாதவர்களிடம் போய் அந்த இருக்கையே பொய் என்று சொல்வதில் ஒரு வன்முறை இருக்கிறது. ஃபூக்கோ இதைவிட உஷாராக இருந்தார். ஆசிரியன் என்பது ஒரு செயல்பாடு, சொத்துடைமையோடு பிணைந்தது என்றார். அந்தப் பகுதியை நாம் வேகமாகத் தாண்டிப் போய்விட்டோம் என்று எனக்குப் படுகிறது.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். 1990 வாக்கில் 'பிளாக் பாக்ஸ்', 'சி அண்ட் சி மியூசிக் ஃபாக்டரி' ஆகிய குழுக்களின் வெற்றிப் பாடல்களில் ஒலித்தது மார்த்தா வாஷின் குரல். வீடியோவில் வாயசைத்தவர்கள் மெலிந்த வேறு பெண்கள். பருமனான கறுப்பினப் பெண்ணின் தொண்டை வேண்டும், உடம்பு வேண்டாம். வாஷ் நீதிமன்றம் போனார். அதன் பிறகே பாடியவர் பெயரை முறையாகக் குறிப்பிடும் வழக்கம் அத்தொழிலில் வலுப்பட்டது. குரலையும் உடலையும் பிரிப்பது பின்நவீனத்துவ விளையாட்டு என்று எழுதிய பேராசிரியர்கள் அவருடைய வழக்கு மனுவையும் ஒரு பிரதியாக வாசித்திருக்கலாம்.

பணம் எப்படி ஓடுகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். ஒரு பாட்டில் இரண்டு சொத்து உண்டு. ஒன்று இயற்றிய மெட்டும் சொல்லும், மற்றது பதிவு. இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதிக்கொடுத்தவர்கள் ஏராளம். ரீமிக்ஸ் செய்கிறவருக்குப் பொதுவாக ஒரு தடவைக் கூலிதான். பாட்டு பிறகு எத்தனை லட்சம் விற்றாலும் அவருக்குச் சம்பந்தமில்லை. அமெரிக்காவில் கிளப்பில் பாட்டு ஒலித்தால் இயற்றியவருக்குத்தான் சட்டப்படி பங்கு, பதிவில் வாசித்தவருக்கு இல்லை. அந்தப் பங்கும் எப்படிப் பிரிக்கப்பட்டது? நெடுங்காலம் வானொலியிலும் விற்பனைப் பட்டியலிலும் இருந்த பாடல்களை அளவுகோலாக வைத்து. நள்ளிரவு மூன்று மணிக்கு இருட்டறையில் ஓடிய தட்டை யார் கணக்கெடுத்தார்? கிளப் ஆடுகளத்தின் காசு வானொலி நட்சத்திரத்துக்குப் போனது. சில ஐரோப்பிய நாடுகளில் இப்போது கிளப்பிலேயே பாட்டை அடையாளம் காணும் கருவி வைக்கிறார்கள், அது வேறு விஷயம்.

இதன் விளைவு என்னவென்றால், பதிவு என்பது விளம்பரச் சீட்டாகச் சுருங்கிவிடுகிறது. கூலி உடலுக்குத்தான். உடல் போய் நின்றால் காசு, இல்லாவிட்டால் இல்லை. நடன இசையில் 'நிலைத்து நிற்பது' என்பது பெரும்பாலும் உருவகமே அல்ல, ஆள் கால் கடுக்க நிற்கவேண்டும். வெள்ளி இரவு ஒரு நாடு, சனி இரவு இன்னொரு நாடு. சிகாகோ ஒரு தெருவுக்கு 2004இல் நக்கிள்ஸின் பெயரை வைத்தது. 1998இல் ரீமிக்ஸ் கலைஞருக்கான முதல் கிராமி விருதும் அவருக்குத்தான். இந்தத் துறையில் 'வென்றவர்' என்றால் அவரைத்தான் சொல்லவேண்டும். நீரிழிவு நோயாளி, 2008இல் ஒரு பாதத்தை அகற்ற வேண்டியதாயிற்று. அப்படியும் ஓயவில்லை. 2014 மார்ச் 31 அன்று 59 வயதில் இறப்பதற்குச் சில நாள் முன்புகூட லண்டனில் தட்டு சுழற்றினார். ரான் ஹார்டி 1992இல் போய்விட்டார், வயது 33. அதே ஆண்டு நியூயார்க் 'பாரடைஸ் கராஜ்' கிளப்பின் லாரி லெவன், 38. எய்ட்ஸும் போதையும் வறுமையும் அந்தத் தலைமுறையைத் தின்றதை 'நன்றாகத் தூங்கு' என்ற அறிவுரையால் விளக்க முடியாது. மறுமுனையில், பணம் கொட்டிய இடத்திலும் இதே கதை. அவிசி என்று அறியப்பட்ட ஸ்வீடன் இளைஞர் டிம் பெர்க்லிங் உடல் தாங்காமல் 2016இல் மேடைப் பயணங்களை நிறுத்திக்கொண்டார். 2018 ஏப்ரலில் மஸ்கட்டில் 28 வயதில் இறந்தார்.

அப்படியானால் மாற்றே இல்லையா என்றால், டெட்ராய்டைப் பார்க்கலாம். கார் தொழிற்சாலைகள் மூடப்பட்டுக் கைவிடப்பட்ட கறுப்பர் நகரம். மைக் பேங்க்ஸும் ஜெஃப் மில்ஸும் தொடங்கிய 'அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்' குழு முகமூடி அணிந்து வந்தது. பெயர் வேண்டாம், முகம் வேண்டாம், நேர்காணலும் அநேகமாக வேண்டாம். பார்க்கப்போனால் இவர்களும் ஆசிரியனைக் கொன்றவர்கள்தான். ஆனால் ஒரு வேறுபாடு: லேபிள் அவர்களுடையது. 1992 முதல் 'சப்மெர்ஜ்' என்ற விநியோக நிறுவனமும் சொந்தம். பெட்டியில் தட்டு அடுக்கி அனுப்பும் வேலைவரை தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். திருடப்பட்ட பெயரின்மை வேறு, உடைமையைக் கையில் வைத்துக்கொண்டு தானே தேர்ந்த பெயரின்மை வேறு. 1999இல் இக்குழுவின் டிஜே ரொலாண்டோ 'நைட்ஸ் ஆஃப் தி ஜாகுவார்' வெளியிட்டார். ஜெர்மன் சோனி நிறுவனம் அனுமதியின்றி அதைப் போலச்செய்த ஒரு வடிவத்தைக் கொண்டுவர முனைந்தபோது, உலகெங்கும் இருந்த டெக்னோ ரசிகர்கள் கடிதங்களால் மொய்த்தார்கள். ஆசிரியர் தனியாள் அல்ல, ஒரு சமூகம் என்று நிரூபணமான தருணம் அது. அதே டெட்ராய்டில் கெல்லி ஹேண்ட் என்ற பெண் 'அகேஷியா' என்ற சொந்த லேபிளை நடத்தி, ஆண்கள் நிரம்பிய அந்தத் துறையில் 2021இல் இறக்கும்வரை இயங்கினார்.

இதையும் புனிதப்படுத்திவிடக் கூடாது. சொந்த லேபிள் என்றால் சொந்தக் கடனும்தான். பெர்லின் டெக்னோவை ஜெர்மனி 2024இல் தன் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. வேர்ஹவுஸ் இருந்த கட்டடத்தைச் சிகாகோ நகராட்சி 2023இல் நினைவுச்சின்னமாக அறிவித்தது. கட்டடம் நிலைத்துவிட்டது, வகைமை நிலைத்துவிட்டது, நகரத்தின் சுற்றுலா வருமானமும் நிலைத்துவிட்டது. அந்தக் கட்டடத்தில் ஆடியவர்களில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்பது அந்தப் பலகையில் இருக்காது.

நம் ஊர்ப்பக்கமும் ஒரு சின்னக் கதை உண்டு. பம்பாய் சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்துவந்த சரண்ஜித் சிங் 1982இல் அதே டிபி 303ஐ வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டு போட்டார். சிகாகோவின் 'அசிட் டிராக்ஸ்' வருவதற்கு ஐந்து வருடம் முன்னால்! யாரும் சீந்தவில்லை. ஹாலந்துக்காரர் ஒருவர் கண்டெடுத்து 2010இல் மறுவெளியீடு செய்த பிறகு, எழுபது வயதை ஒட்டி அவர் ஐரோப்பிய மேடைகளில் வாசிக்கப் போனார். 2015இல் இறந்தார். அவரை 'அசிட் ஹவுஸின் தந்தை' ஆக்கும் தேசபக்தர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆடுவதற்குத் தளம் இல்லாத இடத்தில் அது ஒரு நல்ல தட்டு மட்டுமே. நான்காவது தடவை போட ஒரு ஹார்டி அவருக்குக் கிடைக்கவில்லை.

அக்கா மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டான். பிறகு, 'மாமா, பார்த் இருக்கட்டும், இதைப் பாருங்க' என்று மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை நீட்டினான். அவனுடைய மூன்று பாடல்களை வெளியிட ஒரு நிறுவனம் அனுப்பிய ஒப்பந்தம். நான்காம் பக்கத்தில், பொடி எழுத்தில், பதிவின் மீதும் இயற்றலின் மீதும் உள்ள எல்லா உரிமைகளையும் உலகம் முழுவதற்கும் நிரந்தரமாக மாற்றித் தருவதாக ஒரு வாக்கியம். 'நிரந்தரமாக' என்ற சொல்லைப் பென்சிலால் சுழித்துக் கொடுத்தேன். 'இதை எடுக்கச் சொன்னா பாட்டையே போடமாட்டாங்க' என்கிறான். வெள்ளிக்கிழமை கையெழுத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம்.