கோதை என்னும் திருநாமம்

ஆண்டாளின் திருநாமமாகிய 'கோதை' என்பது 'கோதா' என்னும் வடசொல்லின் திரிபு என்று சிலர் எழுதிவருகின்றனர். கோ என்பது வாக்கு. அதனைத் தருபவள் கோதா என்பது அவர்கள் காட்டும் வியுத்பத்தி. ரஸமான நிர்வசனமே, ஆயினும் பெயரின் பிறப்பை அது காட்டாது.

கோத்தல் என்னும் வினையடியாகப் பிறந்து மாலையை உணர்த்தும் தமிழ்ச்சொல் கோதை. ஆகுபெயராய் அது மாலை சூடிய பெண்ணையும் குறிக்கும். புறநானூற்றில் குட்டுவன் கோதை, மாக்கோதை எனச் சேரவேந்தரும் இப்பெயர் பூண்டுள்ளனர். அங்கே 'வாக்கைத் தருபவள்' என்னும் பொருளுக்கு இடமேது?

'சீதா' சீதையானது போலக் 'கோதா' கோதையாயிற்று என்பர். அவ்வழி இருபுறமும் செல்லும். தமிழ்ப்பெயரின் ககர தகரங்களை வர்க்கத்து மூன்றாம் எழுத்தாக்கி, ஈற்று ஐகாரத்தை ஆகாரமாக்கினால் 'கோதா' தானே அமையும். கோதாவரிக்கும் அப்பெயர் உண்டாகையால் செவிக்குப் பழகியதுமாம். வேதாந்த தேசிகன் 29 சுலோகங்களால் அருளிய கோதாஸ்துதி அவ்வடிவத்துக்கு ஏற்றம் தந்தது. அதனைக் கொண்டு மூலத்தை மாற்றலாகாது.

சூடிக்கொடுத்தமையால் கோதையானாள் என்பதும் பொருந்தாது. குருபரம்பரை கூறும் முறையில், துளசிவனத்தில் கண்டெடுத்த குழவிக்குப் பெரியாழ்வார் இட்ட பெயர் அது. வடபெருங்கோயிலுடையானுக்கு மாலை கட்டுவதே அவர் கைங்கர்யம். மகள் அதனைச் சூடியது பின்னர். திருப்பாவையின் முடிவிலும் நாச்சியார் திருமொழியின் பலச்ருதிகளிலும் தந்தையின் பெயரை முன்னிட்டுத் தன்னைக் கோதை என்றே அவள் கூறியருளுகிறாள். ஆண்டாள் என்று ஓரிடத்தும் இல்லை.