தட்டும் கை

கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளில் என்னை ஈர்ப்பது குத்தும் உதையும் அல்ல. பிடியில் சிக்கியவர் எதிராளியின் உடம்பிலோ தரையிலோ தோல்வியை ஏற்று உள்ளங்கையால் தட்டுகிறாரே, அதுதான். கை சிக்கிக்கொண்டால் வாயால் சொன்னாலும் போதும். ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் நடந்த யு.எஃப்.சி. என்ற கலப்புத் தற்காப்புக் கலைத் தொடரின் முதல் போட்டியில் எடைப் பிரிவுகூடக் கிடையாது. அதன் ஒரு மோதலில் வீரர் ராய்ஸ் கிரேசி கழுத்தை இறுக்க, எதிராளி கென் ஷாம்ராக் தட்டினார். கிரேசி பிடியை விட்டார். நடுவரோ அதைக் கவனிக்காமல் தொடரச் சொன்னார். ஷாம்ராக் நினைத்திருந்தால் ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி மோதியிருக்கலாம். எவ்வளவு பெரிய சபலம் அது! ஆனால் தான் தட்டியதை அவரே ஒப்புக்கொண்டார்.

விதிகள் பிறகு பெருகின. ஆனால் அந்த இரவில் நான் மிக மதிக்கும் வீரர் ஷாம்ராக்தான்.