ஈயம், பித்தளை, பழைய இரும்பு

பேரீச்சம்பழ வண்டி எங்கள் தெருவுக்கு வருகிற நாளில் அம்மா பரணிலிருந்து இறக்கிப் போடும் சரக்கு மூன்று: ஈயம், பித்தளை, பழைய இரும்பு. முப்பது வருஷம் கழித்து, பென்சில்வேனியாவில் என் கராஜுக்குள் அதே மூன்றும் குவிந்து கிடக்கின்றன. அன்றைக்கு அவற்றைப் போட்டுப் பழம் வாங்கினோம். இன்றைக்கு 140 டாலர் கொடுத்து அவற்றையே வாங்கி வந்திருக்கிறேன். இந்த ஒப்பீட்டை என் மனைவி ரசிக்கவில்லை.

வாங்கியது ரீலோடிங் சாமான். துப்பாக்கித் தோட்டா என்பது நான்கு பொருள்களின் கூட்டு: பித்தளைக் கூடு, அதன் பிட்டத்தில் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. சுட்ட பிறகு மிஞ்சுவது பித்தளை மட்டுமே. தோட்டாவில் விலை கூடிய பாகமும் அதுதான். அதைப் பொறுக்கி வந்து, பழைய அளவுக்கு நெருக்கி, புது பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்தால் மறுபடி தோட்டா. குண்டையும் கடையில் வாங்காமல் ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்துக்கொள்கிறவர்கள் இந்தப் பைத்தியத்தின் அடுத்த வார்டில் இருப்பவர்கள். நான் அந்த வார்டுக்கு மாறி ஆறு மாதம் ஆகிறது.

மேலே போகுமுன் சட்டம். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்கென்று செய்தால் தேவை. மாநிலத்துக்கு மாநிலம் கூடுதல் விதிகள் உண்டு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள்தான். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே மதுரையில் இதைப் படிப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.

இந்தச் சாமான் ஏன் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறது? ஒவ்வொரு எஸ்டேட் சேலிலும் நான் பார்ப்பது ஒரே கதைதான். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இதை வாங்கிப் போட்டவர்கள் இப்போது ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் வேறு ஊரில். வீட்டை விற்குமுன் அடித்தளத்தைக் காலி செய்ய வேண்டும். பாத்திரம், சோபா, புல்வெட்டி எல்லாவற்றுக்கும் விலை போடத் தெரிந்தவர்களுக்கு, மேஜை விளிம்பில் போல்ட் போட்டு முடுக்கிய பச்சை இரும்பு என்னவென்றே தெரிவதில்லை. நான் வாங்கியதை விளம்பரத்தில் ‘பழைய துளை போடும் இயந்திரம், கைப்பிடியுடன்’ என்று போட்டிருந்தார்கள். சரியான பெயரைப் போட்டுத் தேடுகிறவனுக்குச் சரியான விலைதான் கிடைக்கும். தப்பான பெயர்களையும் தேடிப் பாருங்கள்.

அது ஆர்.சி.பி.எஸ். கம்பெனியின் ராக் சக்கர் என்ற, கூடு நெருக்கும் பிரெஸ். 1943இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் பிரெட் ஹண்டிங்டன் தொடங்கிய கம்பெனி. ராக் சக் என்பது அங்கே மலைப்பாறைகளில் குடியிருக்கும், அணில் ஜாதியைச் சேர்ந்த ஒரு கொழுத்த பிராணி. போர்க்காலத்தில் அதைச் சுட நல்ல குண்டு கிடைக்கவில்லை. சுட்டு எறிந்த .22 கூட்டையே மேலுறையாக்கிக் குண்டு அழுத்தும் டை ஒன்றை ஹண்டிங்டன் செய்தார். கம்பெனியின் நாலெழுத்துப் பெயரே அந்த டையின் பெயர்ச் சுருக்கம். ஆக, பழைய இரும்பு வியாபாரம் இந்தத் துறையின் பிறப்பிலேயே இருக்கிறது.

பிரெஸ் முழுக்க வார்ப்பிரும்பு. எட்டு கிலோ இருக்கும். மேலே மரத்தூளும் துருவும் சேர்ந்த ஒரு படலம். பார்த்துப் பயப்பட வேண்டாம். துணியில் எண்ணெய் தொட்டுத் தேய்த்தபோது முக்கால்வாசி கையோடு வந்துவிட்டது. பார்க்க வேண்டியது ராமை. ஒரு அங்குலக் கனமுள்ள அந்த எஃகுத் தண்டைக் கைப்பிடியால் முழுக்க மேலே ஏற்றி, கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ‘டக் டக்’ என்று ஆடினால் விட்டுவிடுங்கள். பிரைமர் சாம்பல் கிரீஸோடு கலந்தால் உப்புத்தாள் மாதிரி. துடைக்காமல் இருபது வருஷம் ஓட்டியவரின் பிரெஸ்ஸில் ராமின் துளையே முட்டை வடிவமாகியிருக்கும். என்னுடையது ஆடவில்லை. இதன் பழைய சொந்தக்காரர் துடைத்து வைக்கிற ஜாதி.

அடுத்து மேலே டை திருகும் இடத்தில் மரையைப் பாருங்கள். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கிற விஷயம் இந்த மரைதான்: 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 சுற்று. அரை நூற்றாண்டுக்கு முந்தைய டையையும் போன வாரம் வாங்கிய டையையும் இதே ஓட்டையில் திருகலாம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சார்ஜர் முனையை மாற்றுகிற உலகத்தில் யாரோ நாலு பேர் உட்கார்ந்து இதை மாற்றாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். எச்சரிக்கை வேண்டியது ஹெர்ட்டர்ஸ் என்ற பழைய மினசோட்டா கம்பெனியிடம். அதன் பிரெஸ்கள் யானை மாதிரி உறுதி, விலையும் சல்லிசு. ஆனால் கூட்டைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர் தனி வடிவம். அடாப்டர் தேடி அலைய நேரமிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

என் பிரெஸ்ஸில் பிரைமர் அழுத்தும் குட்டிக் கை காணாமல் போயிருந்தது. பழைய பிரெஸ்களில் முதலில் தொலைவது அதுதான். உதிரி பாகம் இன்றும் கிடைக்கிறது என்பதால் அதையே காரணம் காட்டிப் பேரம் பேசினேன். 200 கேட்டவர் 140க்கு இறங்கி வந்தார். புது பிரெஸ் மட்டுமே 200 டாலருக்கு மேல். இதில் தராசு, அச்சு, உலை, நாலு செட் டை எல்லாம் ஒட்டுமொத்தமாகச் சேர்த்தி.

தராசு ஓஹாஸ் கம்பெனி செய்து கொடுத்த 5-0-5 பீம் தராசு. பேட்டரி கிடையாது. காந்தம் ஒன்று ஆட்டத்தைத் தணிக்கும். கத்தி முனை மாதிரியான எஃகு விளிம்பு அகேட் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான். மருந்தை அளப்பது கிரெயின் கணக்கில்; ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குச் சில கிரெயினே மருந்து என்பதால், தராசு பொய் சொன்னால் விளையாட்டு வினையாகிவிடும். வாங்குமிடத்திலேயே சோதிக்க ஒரு எளிய வழி, புத்தம்புது ஐந்து சென்ட் நாணயம். எடை 5 கிராம், கிரெயினில் 77.2. நான் வைத்தபோது 76.5 காட்டியது. மறுபடி வைத்தால் 77.6. எடை தவறினால்கூடப் பரவாயில்லை, திருத்திக்கொள்ளலாம். தடவைக்கொரு பேச்சு பேசுகிற தராசு எதற்கும் ஆகாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் அகேட் கல்லின் பள்ளத்தில் ஒரு செத்த எறும்பு. பல்குத்தும் குச்சியால் எடுத்துப் போட்ட பிறகு ஐந்து முறை வைத்தேன், ஐந்து முறையும் 77.2. மின்னணுத் தராசு ஒன்றும் என்னிடம் உண்டு. குளிர் கூடினால் அதற்கு ஜன்னி வந்துவிடும். இப்போது அது சமையலறையில் காபித் தூள் அளக்கிறது.

டைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். நெருக்கும் டையின் வாயில் வேறு நிறத்தில் ஒரு வளையம் பளபளத்தால் அது கார்பைடு. கைத்துப்பாக்கியின் நேர்க் கூடுகளுக்கு எண்ணெய் தடவும் வேலை மிச்சம். உள்ளே துரு குழி விழுந்திருந்தால் பித்தளையைக் கீறிவிடும், வேண்டாம்.

இனி வார்ப்பு. சாமான் வந்த பெட்டியின் அடியில் நாளிதழில் சுற்றிக் கிடந்தது ஓர் இரும்பு அச்சு. பக்கவாட்டில் ‘ஐடியல் 358311’ என்ற முத்திரை. முதல் மூன்று இலக்கம் குண்டின் விட்டம், .358 அங்குலம்; .38 ரிவால்வருக்கானது. ஐடியல் என்பது ஜான் பார்லோ 1884இல் கனெக்டிகட்டில் தொடங்கிய கம்பெனி. 1925இல் லைமன் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. அச்சை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். இரண்டு பாதிக்கும் நடுவே வெளிச்சக் கீற்று தெரியவில்லை. குழிக்குள் துருவும் இல்லை. இந்த ஒன்றுக்கே 60 டாலர் கொடுத்திருப்பேன், அவரிடம் சொல்லவில்லை.

உலைதான் காலை வாரியது. மின்சாரத்தில் சூடாகி, அடியில் உள்ள துளை வழியாக ஈயம் ஊற்றும் வகை. வயரின் துணியுறை நைந்துபோயிருந்தது; முதல் வேலையாக மாற்றினேன். வால்வோ மூடிய பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தது. ஐப்பசி மாதத்து ஓட்டு வீடுதான். கைப்பிடியில் ஒரு கனமான நட்டைத் தொங்கவிட்டும் வால்வு முனையைத் தேய்த்தும் பார்த்தேன். முக்கால் பங்கு குணம்.

உலையோடு வந்த ஈயக் கட்டிகளில் இன்னொரு வம்பு. இந்த ஊரில் வார்ப்புக்காரர்களின் சுரங்கம் டயர் கடை. சக்கரத்தைச் சமன் செய்ய ஒட்டும் எடைகள் முன்பெல்லாம் ஈயம். கலிபோர்னியா 2010இல் தடை செய்தது. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. இப்போது வாளியில் பாதி துத்தநாகமும் இரும்பும். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகம் 420இல். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் துத்தநாகமும் கலந்து, உலையில் இருப்பது கேழ்வரகுக் கூழ் பதத்துக்கு வந்துவிடும். பிறகு அச்சின் மூலைகளில் நிரம்பாது. கட்டிகளை ஒவ்வொன்றாகச் சிமென்ட் தரையில் போட்டுப் பார்த்தேன். ‘தொப்’ என்று விழுந்தது ஈயம். ‘டங்’ என்று பேசிய இரண்டை ஒதுக்கினேன்.

தனி ஈயம் மெத்து. கொஞ்சம் வெள்ளீயமும் ஆன்டிமனியும் வேண்டும். லைமன் இரண்டாம் எண் கலவை என்பது 90 பங்கு ஈயம், மற்ற இரண்டும் ஐந்தைந்து. வெள்ளீயம் கடையில் யானை விலை. அதற்கு வழி பழைய சாமான் கடைகளில் கிடைக்கும் பியூட்டர் கோப்பைகள். இந்தக் காலத்துப் பியூட்டர் பெரும்பாலும் வெள்ளீயம்தான். மூன்று டாலருக்கு ஒரு கோப்பை வாங்கி உலையில் போட்டபோது அது ஓரத்தில் வளைந்து, சட்டென்று உட்கார்ந்து, வெள்ளியாக ஓடியது. எங்கள் வீட்டு ஈயச்சொம்பு நினைவு வந்தது. அதுவும் இதே வெள்ளீயம். உருகுநிலை வெறும் 232. ரசத்தை ஊற்றுமுன் அடுப்பில் வைத்துவிட்ட அத்தைக்கு அன்றைக்கு விழுந்த வசவு இன்னும் காதில் இருக்கிறது.

வார்க்கும் நாளில் பின்கட்டுக் கதவைத் திறந்து, மின்விசிறியை வெளிப்பக்கம் திருப்பி, முகக்கவசமும் தோல் கையுறையும் போட்டுக்கொண்டேன். அப்படியும் முதல் நாளே பாடம். வெளிக் குளிரில் கிடந்த கட்டியை நேராக உருகிய ஈயத்தில் போட்டேன். அதில் வியர்த்திருந்த ஒரு சொட்டு நீர் போதும். பட்டென்று வெடித்து, கூரை வரை ஈயம் தெறித்தது. கையுறையில் இன்னும் மூன்று வெள்ளிப் பொட்டு இருக்கிறது. இப்போது கட்டிகளை உலை விளிம்பில் காய வைத்தே இறக்குகிறேன். முடித்ததும் முழங்கை வரை சோப்பு. அந்தப் பக்கம் காபிக் கோப்பையும் குழந்தையும் வரக்கூடாது. மேலே படியும் கசட்டுத் தூள்தான் புகையைவிடப் பொல்லாதது.

முதல் இருபது குண்டு சுண்டைக்காய் வற்றல் மாதிரி சுருங்கி வந்தன. அச்சு சூடேறவில்லை என்று அர்த்தம், திரும்ப உலைக்கே. பிறகு ஊற்றுவாயில் நிற்கும் ஈயக் குட்டை பளபளப்பிலிருந்து மங்கும் அந்த நொடிக்காகக் காத்திருந்து, மரச் சுத்தியால் தட்டினால், பழைய துண்டின் மேல் ஒவ்வொன்றாக வழுக்கி விழுந்தன. மைக்ரோமீட்டரில் .359. எடை 160 கிரெயினுக்கு ஒன்றிரண்டு முன்னே பின்னே. அரை நூற்றாண்டு இரும்புக்கு இதைவிட என்ன வேண்டும்?

பெட்டியில் பாதி மருந்துள்ள ஒரு டப்பாவும், பழைய சொந்தக்காரர் செய்து வைத்த ஐம்பது தோட்டாவும் இருந்தன. திறந்த டப்பாவில் பெயர் எழுதியிருப்பது உள்ளே இருப்பதற்குச் சாட்சி அல்ல. மருந்து புளித்த நெடி அடித்தது, புல்வெளியில் தூவிவிட்டேன். தோட்டாக்களைச் சுத்தி மாதிரியான புல்லரில் அடித்து ஒவ்வொன்றாகப் பிரித்து அளந்தேன். ஐம்பதிலும் மருந்து ஒரே எடை, ஒரு பத்தில் ஒரு கிரெயின்கூடப் பிசகவில்லை. பெட்டிக்குள் பென்சிலில் தேதியும் அளவும். அவ்வளவு சுத்தமான கை. இருந்தும் அவற்றைச் சுட்டிருக்க மாட்டேன். இரும்பு என்றால் யாருடையதையும் வாங்கலாம். மருந்து வைத்த தோட்டாவை அண்ணன் கொடுத்தாலும் வேண்டாம்.

லாபமா? எங்கள் ஊரில் .38 ஐம்பது தோட்டாப் பெட்டி 30 டாலருக்குக் குறையாது. எனக்கு பிரைமரும் மருந்தும் சேர்த்துப் பெட்டிக்கு ஆறு டாலர். வயர், பிரைமர் கை, குண்டுக்குப் பூசும் மெழுகு என்று மேற்கொண்டு போட்ட 60ஐயும் சேர்த்தால் ஒன்பதாவது பெட்டியில் முதல் தேறிவிட்டது. ஆனால் முன்பு மாதம் ஒரு பெட்டி சுட்டவன் இப்போது மூன்று சுடுகிறேன். இந்தக் கணக்கை வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

.358க்குச் சீராக்கும் டை மட்டும் இன்னும் அமையவில்லை. நேற்றிரவு ஒரு விளம்பரம் பார்த்தேன். அறுபது கிலோமீட்டர் தள்ளி, சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு. படத்தில் தையல் மிஷின், கிறிஸ்துமஸ் மரம், புல்வெட்டி. புல்வெட்டியின் கைப்பிடிக்குப் பின்னால், மேஜை விளிம்பில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு பச்சை. பெரிதாக்கிப் பார்த்தால் மங்கிப்போகிறது. ஆறரைக்கே போய் வாசலில் நிற்கலாம் என்றிருக்கிறேன்.